கத்திக்கு முந்திய கண்

வயிற்றுக் கட்டியைக் கையால் தொட்டறிந்தே மருத்துவம் செய்த காலமொன்றிருந்தது. மகப்பேற்றுக்குப் பின் இளம்பெண்களிடம் தோன்றிய ஒருவகைக் கட்டியை 1832இல் மக்ஃபார்லேன் விவரித்தார். 1838இல் ஜெர்மானிய அறிஞர் முல்லர் அதற்கு ‘டெஸ்மொயிட்’ எனப் பெயரிட்டார். தசைநாண் போன்றது என்பது பொருள். இது புற்றுநோய்போல் உடலெங்கும் பரவுவதில்லை. ஆனால் தோன்றிய இடத்திலேயே ஊடுருவி, சிலவேளை குடலையும் குருதிக் குழாய்களையும் இறுக்கிவிடும். எல்லை தெரியாமல் கத்தி வைப்பது பேராபத்து.

1895இல் ரொன்ட்கன் கண்ட ஊடுகதிர் எலும்பைக் காட்டியது. மென்தசைகளைப் பிரித்துக் காட்டவில்லை. அதற்கு வேண்டிய கணிதத்தைத் தென்னாபிரிக்கரான கோர்மக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். கருவியை ஆக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்ட்; பண்ணையில் வளர்ந்தவர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை அது படம்பிடித்தது. 1979இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

சதைத்துண்டைச் சோதித்தே டெஸ்மொயிட்டை உறுதி செய்வர். எனினும் அது வயிற்றுக்குள் எதனைப் பற்றியுள்ளது, வெட்டலாமா, காத்திருக்கலாமா என்று முடிவெடுக்க சீ.ரீ. ஸ்கேன் துணைநிற்கிறது.

அறிவு ஒருவரின் உடைமையன்று. பல நாட்டவரின் உழைப்பில் விளைந்தது. பண்ணை மகன் படைத்த அந்தக் கண், மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் மண்டூரில் வயல் உழுபவனின் மகளுக்கும் காலந்தாழ்த்தாமல் கிட்ட வேண்டும். அன்றுதான் அக்கண்டுபிடிப்பு முழுமை பெறும்.