தொட்டி மண்ணும் தேங்காய்த் துகளும்

மும்பை மாநகரில் தமிழர் குடியேறிய இடங்கள் யாவை என்று கேட்டால், தாராவி, மாதுங்கா, செம்பூர் என்னும் பெயர்களே முதலில் நாவில் எழும். இம்மூன்றிலும் வீடு எத்துணைச் சிறிதாயினும், துளசிக்கோ கறிவேப்பிலைக்கோ ஒரு தொட்டி வைக்காத இல்லம் அரிது. அத்தொட்டியை எதைக்கொண்டு நிரப்புவது? முந்திய தலைமுறையினரிடம் இவ்வினாவை எழுப்பியிருந்தால் நகைத்திருப்பர். மண்ணையன்றி வேறெதைப் போடுவது என்பர். இன்றோ, செடி விற்கும் கடைக்காரர் தேங்காய் மட்டைத் துகளை அழுத்திச் செய்த கட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறார். மண் இருந்த இடத்தில் துகள் வந்து அமர்ந்த வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மும்பை இயற்கையாக அமைந்த ஒரே நிலப்பரப்பன்று. ஏழு தீவுகளுக்கிடையே கிடந்த கடலையும் சேற்றையும் மனிதர் தூர்த்து உண்டாக்கிய நகரம் அது. 1784-இல் முடிவுற்ற ஹார்ன்பி அணை, வொர்லிக்கருகே கடல்நீர் உட்புகுந்த பெரும் பிளவை அடைத்தது. 1845-இல் மாஹிம் பாலவழி திறக்கப்பட்டது. தாராவியின் பெரும்பகுதி சதுப்பு நிலமாயிருந்து, குப்பையாலும் இடிபாடுகளாலும் மேடாகியது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930-களில் தாராவியில் அமர்ந்து, கும்பார்வாடா என்னும் குடியிருப்பை வளர்த்தனர். நகரத்தின் பூந்தொட்டிகளுள் பல அவர்கள் சக்கரத்தில் பிறந்தவை. ஆனால், அவர்கள் பிசையும் களிமண்ணும் இன்று வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. தொட்டி செய்யவும் மண் இல்லை, தொட்டியில் இடவும் மண் இல்லை என்பதே இந்நகரின் நிலை.

1896-இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர்–மாதுங்காத் திட்டத்தின்படி ஒழுங்கான வீதிகளும் மாடி வீடுகளும் எழுந்தன. தென்னிந்தியர் பலர் அங்கே குடிபுகுந்தனர். முற்றத்தில் நின்ற துளசி மாடத்திற்கு ஏறியது. அங்கே மண்ணின் குறைகள் இரண்டு வெளிப்பட்டன. முதலாவது, எடை. பத்து லிட்டர் கொள்ளும் தொட்டியில் நனைந்த மண் 15 கிலோவுக்குக் குறையாது. பழைய கட்டடத்தின் மாடத்திற்கு இது எளிய சுமையன்று. இரண்டாவது, இறுக்கம். வயலில் மண்புழுவும் வேரும் மண்ணைக் கிளறி உயிர்ப்பளிக்கின்றன. தொட்டியிலோ நாள்தோறும் ஊற்றும் நீர் மண்ணை அமுக்கிக் கட்டியாக்குகிறது. அதனால் வேருக்குக் காற்றுக் கிட்டுவதில்லை.

இனி, தேங்காய் மட்டையின் கதைக்கு வருவோம். ஆங்கிலேயர் வழங்கும் ‘காயர்’ என்னும் சொல், மலையாளத்தாரின் ‘கயர்’ என்பதன் வழிவந்தது. நமது ‘கயிறு’ அதன் உடன்பிறப்பு. 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி என்னும் அறிஞர், இந்தியக் கடலின் தீவுக்கூட்டங்களுள் ஒன்று சோழியாலும் மற்றொன்று தேங்காய்க் கயிற்றாலும் பெயர் பெற்றதெனக் குறித்தார். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த கப்பல்களை மார்க்கோ போலோ ஹொர்முஸ் துறைமுகத்தில் கண்டார். 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிற்றுப் பாய்த் தொழிற்சாலையை நிறுவினார். இவ்வளவு நீண்ட வரலாற்றிலும் பெருமை நாருக்கே கிடைத்தது. நாரைப் பிரிக்கையில் உதிரும் துகள், நாரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தும், காயல்களின் ஓரத்தில் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது.

இத்துகளின் பயனை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர் அறிந்திருந்தனர். எனினும், பின்னர் அங்கே செல்வாக்குப் பெற்றது ‘பீட்’ எனப்படும் சதுப்புநிலப் பாசிமண்ணே. 1930-களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தார், நல்ல மண் ஏழு பங்கு, பீட் மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு என ஒரு தொட்டிக் கலவையை வகுத்தனர். 1957-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கைநூல் மேலும் ஒருபடி சென்று, மண்ணை விலக்கி, மணலும் பீட்டும் சேர்ந்த கலவைகளை விளக்கியது. ஒரு வண்டி மண்ணைப்போல் மறு வண்டி மண் இராது என்பதும், நோய்க்கிருமிகள் மண்ணோடு வரும் என்பதும் அதற்குக் காரணம். ஆயின், பீட் படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். சதுப்புநிலங்கள் அழிவது கண்டு மேலைநாட்டார் கவலையுற்ற பின்னரே, தேங்காய்த் துகளுக்கு மறுவாழ்வு வந்தது.

நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டின் சட்டப்படி கயிறு வாரியம் 1954-இல் அமைந்தது. அதன் ஆராய்ச்சி நிலையம் 1959-இல் ஆலப்புழையை அடுத்த கலவூரில் தொடங்கியது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், துகளை அடுக்கடுக்காகப் பரப்பிச் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் மக்கச் செய்யும் முறையைப் பரப்பிற்று. பச்சைத் துகளில் தழைச்சத்து ஒரு பங்கெனின் கரிமச்சத்து 112 பங்கு. மக்கியபின் அது 24 பங்காகக் குறைகிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் இன்று துகள் கட்டிகளாகி நாடு கடந்து செல்கிறது. ஐந்து கிலோ கட்டியை நீரில் இட்டால், 60 லிட்டருக்கு மேலாகப் பொங்கி எழும்.

அங்ஙனமாயின் மண் தோற்றதா? இல்லை. துகள் தன் எடையினும் பன்மடங்கு நீரைப் பற்றிக்கொள்ளும். நனைந்தபின்னும் காற்றுக்கு இடம் விடும். மும்பையின் நீண்ட மழையற்ற மாதங்களில் இது பெரும் உதவி. ஆனால், செடிக்கு ஊட்ட அதனிடம் உணவு மிகக் குறைவு. மக்காத துகளோ, செடிக்கு இட்ட தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பறித்துக்கொள்ளச் செய்யும். உப்புக்கழியில் ஊறிய மட்டையாயின், உப்பும் உடன்வரும். பலமுறை அலசாமல் பயன்படுத்தலாகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில், இட்ட உரம் எளிதில் கரைந்தோடும். செம்பூரை அடுத்த டிராம்பே உர ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அத்தகைய ஆலையின் உரத்தையோ, தொழு உரத்தையோ துகளில் வளரும் செடிக்கு இடைவிடாது அளித்தல் வேண்டும். மண்ணோ, களித்துகள்களில் சத்தைச் சேமித்துவைத்துச் சிறிது சிறிதாக வழங்கும். நாம் ஒரு வாரம் மறந்தாலும் பொறுக்கும்.

ஆகவே, மண், அலசிய துகள், மக்கிய எரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலப்பதே வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற வழி. இதில் செடியின் நலம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. மூட்டையில் வரும் செம்மண், ஏதோவொரு சிற்றூரின் மேல்மண். அஃது ஓர் அங்குலம் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். நமது மாடம் பசுமையாவதற்கு எவருடைய வயலோ வெறுமையாதல் முறையன்று. தாராவியின் ஓரத்தில், நகரக் குப்பை கொட்டிய இடத்தின்மேல், 37 ஏக்கர் பரப்பில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 1994-இல் திறக்கப்பட்டது. கழித்ததைக் கொண்டு நிலத்திற்கு உயிரூட்டலாம் என்பதற்கு அங்கே தழைத்து நிற்கும் மரங்களே சான்று. காயலோரத்தில் கழிவாய்க் கிடந்த மட்டைத் துகளும் அப்பாடத்தையே கூறுகிறது. ஒரு பிடி துகள் சேர்க்கும்போது, ஒரு பிடி வயல்மண் தன் இடத்திலேயே தங்குகிறது.