இரண்டு போத்தல்களின் கதை



"நாட்டு மருந்து குடித்தால் தூள் பழக்கம் விட்டுப் போகுமா?" என்று கேட்கும் பெற்றோர் நம் ஊர்களில் அதிகம். இதே கேள்வி நூறு வருடங்களுக்கு முன் மலாயாவிலும் எழுந்தது.

அங்கு ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் அபின் புகைத்தார்கள். அபின் விற்கும் உரிமையை ஆங்கிலேய ஆட்சி குத்தகைக்கு விட்டுப் பெரும் வருமானம் பார்த்தது. 1906இல் சீனப் பேரரசு, 10 வருடங்களில் அபினை ஒழிப்பதாக ஆணையிட்டது. அந்தக் காலத்தில்தான் மலாயாவில் ஒரு காட்டுக் கொடி பிரபலமானது. பெயர் கொம்பிரெட்டம் சுந்தைக்கம். மரம் அறுக்கப் போனவர்கள் தேயிலை தீர்ந்ததால் இதன் இலையை அவித்துக் குடித்தார்களாம், அபின் ஆசையே போய்விட்டதாம் என்று கதை பரவியது. 1907 அளவில் கசாயத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். சனம் திரண்டது.

கவனிக்க வேண்டியது செய்முறையைத்தான். இலையை வறுத்து, அவித்து, இரண்டு போத்தல்களில் ஊற்றுவார்கள். ஒன்றில் மட்டும் அபின் கலப்பார்கள். நோயாளி அதிலிருந்து ஒரு வேளை குடித்ததும், குறைந்த அளவை மற்றப் போத்தலிலிருந்து நிரப்ப வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போத்தலில் 20 வேளைக்கான கசாயம் என்றால், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் அபினில் 20இல் 1 பங்கு குறையும். 14 வேளை முடியும்போது பாதி கூட மிஞ்சாது. உடம்புக்குத் தெரியாமலே அளவு இறங்கிவிடும். இலையை ஆராய்ந்தவர்களுக்கு அபினை முறிக்கும் தனிச்சத்து எதுவும் அகப்படவில்லை. பலன் கிடைத்தவர்களுக்கு அதைத் தந்தது, பெரும்பாலும், படிப்படியாகக் குறைத்த அந்த முறைதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே காலத்தில் சீனாவில் "அபின் முறிப்பு மாத்திரை" என்று விற்கப்பட்ட பலவற்றில் மோர்பின் இருந்தது. ஒன்றை விடப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொண்டார்கள்.

இன்று வைத்தியர்கள் மெதடோன், பியூப்ரெநோர்பின் போன்ற மருந்துகளை அளந்து கொடுத்து, கண்காணித்து, தேவைப்பட்டால் நீண்ட காலம் தொடர்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத பொடியை நம்பிப் பிள்ளையை அறையில் பூட்டி வைப்பது ஆபத்து. சில கிழமை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. திரும்பவும் அதே அளவை எடுக்கும் பிள்ளை மூச்சடங்கி மௌத்தாகலாம்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. வெட்கத்துக்காக மறைக்காமல் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். துஆவும் செய்யுங்கள்.