ஆலோசனை மன்றமும் கூலியின் அளவும்
இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் வரலாறு தரும் சில சிந்தனைகள்

ரெகொபெயாம் அரசனாகும்படி சீகேமுக்குச் சென்ற நாளில் நிகழ்ந்ததை 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. இராஜ்யம் இரண்டாகப் பிளவுற்ற வரலாறாகவே இப்பகுதியை நாம் பெரும்பாலும் வாசித்துச் செல்கிறோம். ஆயினும் அப்பிளவுக்குக் காரணமாக அமைந்தது உழைப்பாளரின் கோரிக்கை ஒன்றே என்பதை மறந்துவிடலாகாது. சாலொமோன் மக்கள்மீது சுமத்திய அமஞ்சி வேலையின் பாரத்தை இலகுவாக்க வேண்டுமென்றே இஸ்ரவேல் சபையார் கேட்டனர். அரசன் மூன்று நாள் தவணை பெற்று இரண்டு ஆலோசனைக் குழுக்களிடம் யோசனை கேட்டான். முதியோர் குழு இணக்கத்தைப் பரிந்துரைத்தது. அவனோடு வளர்ந்த வாலிபர் குழு கடுமையைப் பரிந்துரைத்தது. ஆனால் பாரத்தைச் சுமந்தவர்கள் இவ்விரு குழுக்களிலும் இடம்பெறவில்லை. முடிவில் அமஞ்சி வேலைக்கு அதிகாரியான அதோராம் கல்லெறியுண்டு மாண்டான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து சென்றன.

அரசுக்கு ஆலோசனை கூறுவோர் யார், அவர்கள் யாருக்காகப் பேசுகின்றனர், அவர்கள் கூறும் ஆலோசனைக்கு என்ன மதிப்பு என்னும் மூன்று கேள்விகளை இப்பகுதி எழுப்புகின்றது. இக்கேள்விகளை நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கென இந்தியத் தொழிலாளர் மாநாடு என்னும் தேசிய ஆலோசனை மன்றத்தை எடுத்துக்கொள்வோம்.

1. விட்லி ஆணைக்குழு

1919இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தோன்றியபோது, அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் ஒரே அவையில் அமர்ந்து தொழிலாளர் நெறிகளை வகுக்கவேண்டும் என்னும் கோட்பாடு உலக அளவில் ஏற்கப்பட்டது. இந்தியா அதன் தொடக்க உறுப்பு நாடுகளுள் ஒன்று. அந்நிறுவனத்திற்குத் தொழிலாளர் பிரதிநிதியைத் தெரிந்தனுப்ப ஓர் அகில இந்திய அமைப்பு தேவைப்பட்டமை, 1920இல் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று.

1929இல் இந்தியத் தொழிலாளர் நிலைமையை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஜே. எச். விட்லி காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் பொதுச் சபையின் சபாநாயகராக 1921 முதல் 1928 வரை பணியாற்றியவர். முதல் உலகப்போர்க் காலத்திலேயே, முதலாளிகளும் தொழிலாளரும் சேர்ந்தமரும் கூட்டுத் தொழில் மன்றங்களைப் பிரிட்டனில் நிறுவும்படி பரிந்துரைத்த குழுவுக்கும் அவரே தலைவர். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், என். எம். ஜோஷி, திவான் சமன்லால், ஜி. டி. பிர்லா ஆகியோர் ஆணைக்குழுவின் இந்திய உறுப்பினருள் அடங்குவர்.

அந்நிய அரசு அமைத்த குழுவின்முன் சென்று பேசலாமா என்னும் வினா தொழிற்சங்க இயக்கத்தையே பிளந்தது. 1929இல் ஜவாஹர்லால் நேரு தலைமையில் நாகபுரியில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆணைக்குழுவைப் புறக்கணிக்கத் தீர்மானித்தபோது, மிதவாதிகள் வெளியேறினர். ஆலோசனை மன்றத்தில் அமர்வது ஒத்துழைப்பா, உடந்தையா என்னும் இக்கேள்வி அன்றுமுதல் இன்றுவரை தீராத ஒன்றாகும்.

ஆயினும் 1931இல் வெளிவந்த ஆணைக்குழுவின் அறிக்கை வீண்போகவில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகச் சிறுவர் உழைப்பு அடகு வைக்கப்படும் வழக்கம் அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை போன்ற தொலைதூர இடங்களிலும் நிலவியதை அது வெளிக்கொணர்ந்தது. அதன் பயனாக 1933இல் சிறார் உழைப்பை அடகு வைத்தலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வார வேலைநேரத்தை 60 மணியிலிருந்து 54 மணியாகக் குறைத்தது. 1936இல் கூலி வழங்கல் சட்டம் வந்தது. இவற்றோடு, முத்தரப்பினரும் முறையாகக் கூடிப் பேசுவதற்கு நிலையான தொழில் மன்றம் ஒன்று வேண்டும் என்றும் ஆணைக்குழு பரிந்துரைத்தது. இப்பரிந்துரை நிறைவேறப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

2. முத்தரப்பு மாநாடு

இரண்டாம் உலகப்போர் அதற்கு வழி வகுத்தது. போர்த் தளவாட உற்பத்தி தடைபடாதிருக்கத் தொழில் அமைதி அரசுக்கு இன்றியமையாததாயிற்று. 1940 முதல் மாகாணங்களின் தொழிலாளர் அமைச்சர்கள் கூடிப் பேசத் தொடங்கினர். 1942 ஆகஸ்டு 7ஆம் நாள் புதுதில்லியில் முதன்முறையாக முத்தரப்பு மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர், அதற்குச் சற்று முன்னரே அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்ற டாக்டர் அம்பேத்கர். நாடெங்கும் ஒரே சீரான தொழிலாளர் சட்டங்கள், தொழில் தகராறுகளைத் தீர்ப்பதற்கான நடைமுறை, அகில இந்திய முக்கியத்துவமுடைய பிரச்சினைகள் பற்றிய விவாதம் ஆகியவையே மாநாட்டின் நோக்கங்களாகக் கூறப்பட்டன. இதனோடு நிலைத் தொழிலாளர் குழு ஒன்றும் நிறுவப்பட்டது.

அரசு இம்மாநாட்டைக் கூட்டியது தொழிலாளர்மீது கொண்ட அன்பினால் மட்டுமன்று. போரின் நெருக்கடியே அதனைத் தூண்டியது. எனினும் ஒருமுறை திறந்த வாயிலை மீண்டும் அடைப்பது எளிதன்று. 1942 முதல் 1948 வரையுள்ள ஆண்டுகளில் தொழிலாளர் நலச் சட்டங்கள் பல உருவாயின. 1943இல் அமைக்கப்பட்டு 1944இல் அறிக்கையளித்த பி. பி. அதார்கரின் ஆய்விலிருந்து 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்புறுதிச் சட்டம் எழுந்தது. 1946இல் வார வேலைநேரம் 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் கொணர்ந்த குறைந்தபட்சக் கூலி மசோதா 1948இல் சட்டமாயிற்று. அச்சட்டமே ஆலோசனை வாரியங்களுக்கு இடமளித்தது. அவற்றில் முதலாளிகளும் தொழிலாளரும் சம எண்ணிக்கையினராகவும், சார்பற்றோர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று அது விதித்தது.

3. 1957ஆம் ஆண்டின் அளவுகோல்

குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று சட்டம் கூறியதேயன்றி, அக்கூலியைக் கணக்கிடும் முறையைக் கூறவில்லை. அக்குறையை நிறைவு செய்தது 1957 ஜூலையில் குல்சாரிலால் நந்தா தொழிலாளர் அமைச்சராயிருந்தபோது கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு. மனிதனின் தேவையை அடிப்படையாகக் கொண்டே கூலி அமையவேண்டும் என்று முத்தரப்பினரும் ஒருமனமாய் ஏற்றனர். உழைப்பாளி ஒருவனின் குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ளப்பட்டது. பெண்கள், சிறுவர் ஆகியோரின் வருமானம் கணக்கில் சேர்க்கப்படலாகாது. உணவுக்கு டாக்டர் அய்க்ராய்டு வகுத்த கலோரி அளவு. உடைக்கு ஆளுக்கு ஆண்டொன்றிற்கு 18 கெஜம், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 72 கெஜம் துணி. வீட்டு வாடகைக்கு அரசின் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தை ஒட்டிய தொகை. எரிபொருள், விளக்கு முதலிய செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு. இதுவே அந்த அளவுகோல்.

இங்கே குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1935 முதல் 1945 வரை நீலகிரியிலுள்ள குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராயிருந்தவர். நம் மலைநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான உணவுக் கணக்கு, தில்லியில் கூடிய மாநாட்டின் வழியே நாடு முழுவதுமுள்ள உழைப்பாளரின் கூலிக்கு அளவுகோலாயிற்று.

4. கட்டுப்படுத்தாத ஆலோசனையின் வலிமை

ஆனால் அரசு இவ்வாலோசனைக்குக் கட்டுப்பட்டதா? இரண்டாம் ஊதியக் குழு இதுபற்றி வினவியபோது, மாநாட்டின் பரிந்துரைகள் அரசின் முடிவுகளாகக் கொள்ளத்தக்கவையல்ல என்று நிதியமைச்சகம் தெரிவித்துவிட்டது. தன் அமைச்சரின் தலைமையில் ஏற்கப்பட்ட அளவுகோலை, தன் ஊழியருக்குக் கூலி கொடுக்க வேண்டிய வேளையில் அரசே ஒதுக்கியது. ஊதியக் குழு குறைந்தபட்ச ஊதியத்தை 80 ரூபாயாகப் பரிந்துரைத்தது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிறருக்குப் பரிந்துரைத்த நீதியைத் தான் கடைப்பிடிக்கத் தயங்கும் முதலாளியின் நிலையில் அரசு காணப்பட்டது.

எனினும் அளவுகோல் மாண்டுபோகவில்லை. நாளடைவில் தொழில் நடுவர் மன்றங்களும் நீதிமன்றங்களும் அதனை எடுத்தாண்டன. 1991 அக்டோபரில் இராப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டின் ஐந்து கூறுகளை ஏற்றதோடு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை முதலிய எளிய மகிழ்ச்சிகள், முதுமை, திருமணம் ஆகியவற்றிற்கென மேலும் 25 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தையும் வேறு மூன்று சட்டங்களையும் தன்னுள் அடக்கிய 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின் கீழ் வெளியான வரைவு விதிகளிலும் அதே மூன்று நுகர்வு அலகுகளும், 2,700 கலோரியும், கெஜக் கணக்கு மீட்டராக மாறி 66 மீட்டர் துணியும் இடம்பெற்றன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆலோசனை மன்றத்திற்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. ஆனால் அளவுகோலை நிறுவும் ஆற்றல் உண்டு. எதிர்த்தரப்பாரும் கூடியிருந்து ஏற்ற ஒன்றைப் பின்னர் எவரும் கற்பனையென்று தள்ளிவிட இயலாது. அரசு அதனை மறந்தாலும் நீதிமன்றம் நினைவுகூரும். நீதிமன்றம் தயங்கினாலும் தொழிற்சங்கம் எடுத்துக்காட்டும்.

இவ்வாற்றலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மன்றம் கூட வேண்டும். 46ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015 ஜூலையில் கூடியது. அதன்பின் மாநாடு கூட்டப்படாத ஆண்டுகளிலேயே, 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கும் சட்டங்கள் 2019, 2020 ஆம் ஆண்டுகளில் நிறைவேறின. கலந்தாலோசனைகள் வேறு வகையில் நடைபெற்றன என்பது அரசின் கூற்று. மாநாட்டைக் கூட்டாது இயற்றப்பட்டன என்பது மத்தியத் தொழிற்சங்கங்கள் பலவற்றின் குறைபாடு. சட்டங்களின் நன்மை தீமை பற்றி நம்முள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் இத்தனை பெரிய மாற்றம் இம்மாநாட்டின் அவையில் விவாதிக்கப்படாமற்போனது இழப்பே என்பது நம் கருத்து.

5. கணக்கில் வராதோர்

மாநாட்டின் சாதனையைப் போற்றும் நாம் அதன் குறையையும் மறைத்தலாகாது. விட்லி ஆணைக்குழுவின் ஆய்வெல்லை தொழில் நிறுவனங்களும் தோட்டங்களுமே. வயலில் உழைத்தோர் அதற்குப் புறம்பாயினர். முத்தரப்பு மாநாட்டிலும் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் அமைப்புடைய தொழிலாளரின் தலைவர்களே. வேளாண் கூலிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தெருக்களைத் துப்புரவு செய்வோர் ஆகியோரின் குரல் அங்கு நேரடியாக ஒலித்தது அரிது.

மூன்று நுகர்வு அலகுகள் என்னும் கணக்கையே சற்று உற்று நோக்குவோம். ஆண் ஒன்று, பெண் 0.8, பிள்ளைகள் இருவர் தலைக்கு 0.6. பெண்ணின் உடலுக்குக் குறைந்த கலோரி போதுமென்பது உணவியலார் கூற்றாயிருக்கலாம். ஆனால் அதிகாலை முதல் தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, நடவு நட்டு வரும் பெண்ணின் பசி ஆணின் பசியிற் குறைந்ததென்று நம் சபைகளின் தாய்மார் ஒப்புவரோ? வயது சென்ற பெற்றோருக்கோ அக்கணக்கில் இடமே இல்லை. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007இல் நாடு சட்டம் இயற்றியது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும்படி திருமறையும் கட்டளையிடுகின்றது. ஆனால் அக்கடமையை நிறைவேற்றத் தேவையான பிடி அரிசி கூலிக் கணக்கில் சேரவில்லை. ஆலோசனை மேசையைச் சுற்றி அமர்ந்தோரின் பார்வைக்கு எட்டாதது கணக்கிலும் ஏறாது.

6. திருச்சபைக்கு முன்னுள்ள கேள்வி

திராட்சத்தோட்ட உவமையில் (மத்தேயு 20) எஜமான் கடைசி மணிவேளையில் வந்தவனுக்கும் ஒரு பணம் கொடுக்கிறான். ஒரு பணம் என்பது அக்காலத்தில் ஒரு நாளின் கூலி. இதனைக் கிருபையின் உவமை என்று நாம் போதிப்பது முற்றும் சரியே. ஆனால் அக்கிருபை வேலைநேரத்தை மட்டும் எண்ணாமல், அவன் வீட்டில் அன்றிரவு அடுப்பெரிய வேண்டும் என்பதையும் எண்ணியது. தேவையை அடிப்படையாகக் கொண்ட கூலி என்னும் 1957ஆம் ஆண்டுக் கோட்பாடு இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அறுவடை செய்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகின்றது என்னும் யாக்கோபின் எச்சரிப்பும் (5:4) இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஆகவே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. திருச்சபையும் ஒரு முதலாளியே. நம் பள்ளிகளையும் விடுதிகளையும் மருத்துவமனைகளையும் கூட்டித் துடைப்போர், ஆலய வளாகத்தைக் காவல் புரிவோர், விடுதிச் சமையலறையில் உழைப்போர், சிற்றூர்களில் சபைகளைப் பராமரிக்கும் உபதேசிமார் ஆகியோரின் ஊதியம் எந்த அளவுகோலின்படி நிர்ணயிக்கப்படுகின்றது? ஊழியம் என்னும் உயர்ந்த சொல்லைக் கூறிக் குறைந்த கூலியை நாம் நியாயப்படுத்துவதில்லையா? அவர்களுடைய ஊதியத்தை முடிவு செய்யும் குழுக்களில் அவர்களுள் ஒருவராவது அமர்ந்திருக்கின்றனரா? அரசு தன் ஊழியருக்குச் செய்ததைக் குறைகூறும் நாம் நம் ஊழியருக்கு அதனையே செய்வோமாயின், நம் தீர்க்கதரிசனக் குரலுக்கு வலிமை ஏது?

ரெகொபெயாம் ஆலோசனை கேளாதவனல்லன்; இருமுறை கேட்டான். பாரம் சுமந்தவர்களைத் தன் ஆலோசனையிற் சேர்க்காததும், முதியோர் கூறிய நல்லாலோசனையைத் தள்ளியதுமே அவன் குற்றம். ஆலோசனை மன்றங்களின் வரலாறு நமக்குக் கற்பிப்பதும் இதுவே. ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அடுத்த சேகரக் கமிட்டியில் ஊதியப் பட்டியல் வாசிக்கப்படும்போது, மேசையைச் சுற்றி யார் இல்லை என்பதை முதலில் நோக்குவார்களாக.