நாட்பட்ட நோயும் ஆரம்ப சுகாதார நிலையமும்: மறந்துபோன ஒரு முன்வரலாறு

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைப்பது பற்றி இன்று ஏராளமாக எழுதப்படுகிறது. 2010க்குப் பின் தோன்றிய சிந்தனையாகவே அது பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. ஆனால், நெடுங்காலம் மருந்துண்ண வேண்டிய ஒரு நோயைப் பொதுச் சுகாதாரப் பணிகளோடு இணைக்கும் முயற்சியை இந்தியா 1962ஆம் ஆண்டிலேயே நாடு தழுவிய அளவில் தொடங்கிவிட்டது. அந்நோய் காசநோய்.

காசநோய் தொற்றுநோயாயிற்றே என்று கேட்கலாம். காரணத்தால் அது தொற்றுநோய். பராமரிப்பின் இயல்பாலோ நாட்பட்ட நோய். அன்றைய சிகிச்சை ஓராண்டுக்கும் மேல் நீண்டது. சில மாதங்களில் நோயாளி நலமாக உணர்வார். மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது. இன்றைய இரத்த அழுத்த நோயாளியின் நிலையும் இதுவே.

1943இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946இல் அளித்த அறிக்கை, நாட்டில் சுமார் 25 இலட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும் ஆண்டுக்கு 5 இலட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கென இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000. 1955–58 காலத்தில் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்நோய் நகரங்களைப் போலவே கிராமங்களிலும் பரவியிருப்பதைக் காட்டியது. மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டே போவது தீர்வாகாது என்பது அப்போதே தெளிவாயிற்று.

முதல் விடை சென்னையிலிருந்து வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் தொடங்கிய ஆய்வு நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் நெரிசல் மிக்க தம் ஏழை வீடுகளிலும் ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்று ஆபத்தும் தென்படவில்லை. நல்ல உணவு, ஓய்வு, தூய காற்று என்ற சானடோரிய மரபின் அடித்தளம் அத்துடன் ஆட்டம் கண்டது.

இரண்டாவது விடை பெங்களூரில் 1959இல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனத்திலிருந்து வந்தது. கிராமத்தார் நோயை அறியாதவர்கள், எனவே நாம்தான் எக்ஸ்ரே வண்டிகளோடு அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து. தும்கூர் மாவட்டத்தில் டெபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் நடத்தி 1963இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு அதைக் கவிழ்த்தது. நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் சிகிச்சை நாடியும் சென்றிருந்தனர். நோயாளி வந்திருந்தார், இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பியது நிலையம்தான்.

1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இந்தச் சிந்தனைகளின் மீது எழுந்தது. மாவட்டம் அதன் அலகு. மாவட்டக் காசநோய் மையம் அதன் வழிகாட்டி. அறிகுறியோடு தாமாக வருவோரின் சளியை அருகிலுள்ள பொதுச் சுகாதார நிலையத்திலேயே நுண்நோக்கியில் சோதித்து, அங்கேயே மாதந்தோறும் மருந்து வழங்கி, வராதவரைப் பதிவேட்டின் துணையோடு தேடிச் செல்ல வேண்டும். நாட்பட்ட நோய்ப் பராமரிப்பு என இன்று நாம் அழைக்கும் யாவும் அத்திட்டத்தில் இருந்தன.

ஆனால், திட்டம் எந்த நிலையத்தின் மீது ஏற்றப்பட்டதோ அந்த நிலையம் வலுவாக இல்லை. மருந்துத் தட்டுப்பாடும் ஆள் பற்றாக்குறையும் நீங்கவில்லை. கிராமச் சுகாதார ஊழியரின் உழைப்பு குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளால் அளக்கப்பட்டது; நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. எதற்குக் கணக்குக் கேட்கப்பட்டதோ அதுவே நடந்தது. 1992இல் திட்டம் மறுஆய்வு செய்யப்பட்டபோது, சிகிச்சையை முடித்தோர் பாதிக்கும் குறைவு என்பது வெளிப்பட்டது. ஆனால், பதிவேடுகளில் இடையில் நின்றவராகக் குறிக்கப்பட்டவர் நோயாளியே. மருந்து தீர்ந்துபோன நிலையத்துக்கு அப்படியொரு பெயர் இல்லை.

இதற்கிடையில் இந்த அனுபவம் உலக அரங்கையும் எட்டியிருந்தது. 1950களில் இந்தியாவில் காசநோய்ப் பணியாற்றிய ஹாஃப்டன் மாலர், 1973இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார்; 1978இல் அல்மா-ஆட்டா பிரகடனம் அவர் காலத்தில்தான் பிறந்தது. மறு ஆண்டே தேர்ந்தெடுத்த சில தலையீடுகள் போதும் என்ற எதிர்வாதம் எழுந்தது. தாய், சேய் நலனை முன்னிறுத்திய அந்தப் பட்டியலில் நாட்பட்ட நோயோடு வாழும் பெரியவருக்கு இடம் கிடைக்கவில்லை.

2010இல் 21 மாநிலங்களின் 100 மாவட்டங்களில் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. 2018இல் 1.5 இலட்சம் நல்வாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டன. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி என மதிப்பிட்டது. இவ்வளவு பேரை மருத்துவமனைகள் தாங்கா என்பதில் ஐயமில்லை. 1950களில் காசநோய் குறித்து எட்டிய முடிவுக்கே நாம் மீண்டும் வந்திருக்கிறோம்.

எனில், அன்று சறுக்கிய இடத்தையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது என்ற எண் எளிதில் வளரும். அவர்களுள் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் மருந்துண்கிறார்கள், எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்பதே நிலையத்தைச் சோதிக்கும் எண். 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, எளிய மருந்து நெறிமுறையோடு இந்த இரண்டாம் எண்ணையும் கணக்கில் கொண்டது குறிப்பிடத்தக்கது.

காசநோய்த் திட்டத்தின் பின்னடைவை, ஒருங்கிணைப்பு என்ற கொள்கையின் தோல்வியாகப் பலர் வாசித்தனர். ஒருங்கிணைக்கப்பட வேண்டிய பொது அமைப்பே வலுப்படுத்தப்படவில்லை என்று பானர்ஜி வாதிட்டார். சான்றுகள் பின்னதன் பக்கமே சாய்கின்றன என்பது என் கருத்து. இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் மாவட்ட அளவிலான பழைய சிகிச்சைப் பதிவேடுகளையும் மருந்து இருப்புக் கணக்குகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இடையில் நின்றது யார் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை தேட முடியும்.