செம்பட்டி வட்டார மக்காச்சோளச் சந்தை

செம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் உள்ள ஊர். திண்டுக்கல்–வத்தலக்குண்டு சாலையும் நிலக்கோட்டை–ஒட்டன்சத்திரம் சாலையும் இங்கே சந்திக்கின்றன. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி பகுதிகளில் மக்காச்சோளம் முக்கியப் பயிர். விளைச்சலில் பெரும்பகுதி தீவனத்துக்குப் போவதால், கோழிப்பண்ணைகளின் தேவையும் வெளிமாநில வரத்துமே இதன் விலையைத் தீர்மானிக்கின்றன.

சாகுபடி

மானாவாரி நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பார்கள். இறவையில் ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் உண்டு. பயிரின் வயது 100 முதல் 110 நாள். பருத்தியைவிட ஆள் தேவை குறைவு, அடிக்க இயந்திரம் உண்டு, தட்டை மாட்டுக்கு ஆகும். இவையே விவசாயிகள் இப்பயிரை நாடக் காரணம். பழனியை அடுத்த வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் பரவியது. அதன்பின் மருந்துச் செலவு கூடியது.

தேவையும் வரத்தும்

நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும் பல்லடம் வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளும் பெரிய நுகர்வோர். கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். மாநில விளைச்சல் இதற்குப் போதாது. கர்நாடகச் சரக்கு ஐப்பசி முதலே வரத் தொடங்கும். பீகாரின் குளிர்காலப் பயிர் சித்திரைவாக்கில் வரும். திண்டுக்கல் மானாவாரி விளைச்சல் இவ்விரண்டுக்கும் நடுவே விற்பனைக்கு வருகிறது. ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வியாபாரிகள் விலையைக் குறைப்பார்கள். காயவைக்கக் களமும் இருப்பு வைக்கக் கிடங்கும் உள்ளவருக்கே பேரம் பேச இடமுண்டு.

எத்தனாலின் தாக்கம்

2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததும் ஆலைகள் மக்காச்சோளத்துக்கு மாறின. ஏற்றுமதி நாடாக இருந்த இந்தியா 2024இல் மியான்மர், உக்ரைன் நாடுகளிலிருந்து வாங்கியது. மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லாததால் அமெரிக்கச் சரக்குக்கு வழியில்லை. தீவன ஆலைகளுக்குச் செலவு ஏறியது. விவசாயிக்கு விலை கிடைத்தது.

விதைப்புப் போக்கு

சென்ற ஆண்டு விலையும் இவ்வாண்டு மழையுமே விதைப்புப் பரப்பைத் தீர்மானிக்கின்றன. நாட்டின் உற்பத்தி 2023-24இல் சுமார் 376 லட்சம் டன்; மறு ஆண்டு 430 லட்சம் டன்னைத் தாண்டியது. குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2023-24இல் 2,090 ரூபாயாகவும் 2025-26இல் 2,400 ரூபாயாகவும் இருந்தது. ஆயினும் நெல்லுக்கு இருப்பதுபோல் பரவலான அரசுக் கொள்முதல் இதற்கு இல்லை. 2025 இறுதியில் கர்நாடகத்தில் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே சரிந்து விவசாயிகள் போராடினர். அங்கே விலை சரிந்தால், தையில் அறுக்கும் திண்டுக்கல் விவசாயிக்கும் அடிமாட்டு விலையே கேட்கப்படும்.