காரீயமும் ஐதரசனும்: பிழைத்துப்போன ஒரு கணக்கு

கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஒரு காலத்தில் மரப்பீப்பாக்களில் காரீயம் கப்பலேறியது. சுரங்கங்களில் வெட்டிய கட்டிகளைக் கொழும்புக் கொட்டில்களில் பெண்கள் உடைத்துத் தரம் பிரித்தனர். உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அது இன்றியமையாததாக இருந்தமையால், முதலாம் உலகப் போரின்போது, 1916 இல், ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது. போர் ஓய, மடகஸ்கார் காரீயத்தின் போட்டியும் சேர, அச்செல்வம் கரைந்தது.

காரீயத்தின் பெயர் 1998 இல் மீண்டும் உலகச் செய்தியாயிற்று. ஐதரசன் புகையற்ற எரிபொருள்; ஆயினும், சாதாரண அமுக்கத்தில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 12 கனமீற்றர் இடம் வேண்டும். அதை அடக்கிவைக்க 700 மடங்கு வளியமுக்கமோ, −253 பாகை செல்சியஸ் குளிரோ தேவை. அமெரிக்காவின் நோர்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோ, காரீய நனோ இழைகள் அறை வெப்பநிலையிலேயே 67 சதவீத எடைக்கு ஐதரசனை ஏற்பதாக எழுதினர்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு காபன் அணுவுக்கு 24 ஐதரசன் அணுக்கள்! மெதேனில்கூட நான்குதான். பிற ஆய்வுகூடங்கள் முயன்றும் அந்த அளவு கிட்டவில்லை. 1999 இல் சிங்கப்பூரில் இலிதியம் ஏற்றிய காபன் நனோக் குழாய்களுக்குக் கூறப்பட்ட 20 சதவீதத்திலும் ஈரப்பதன் பெரும்பங்கு வகித்ததென அடுத்த ஆண்டே காட்டப்பட்டது. காபன் பரப்பு ஐதரசனைப் பிடிக்கும் விசை மிக மெல்லியது. −196 பாகைக் குளிரில் ஓரளவு ஒட்டும். அறை வெப்பநிலையில் ஒரு சதவீதம்கூட அரிது.

எமது பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. அற்புதம் முதற்பக்கம் ஏறும். அதை மறுக்கும் ஆய்வு உட்பக்கத்திற்கும் வருவதில்லை.

இன்று இது நமக்கு வெறும் பழங்கதையன்று. 2008 இல் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் அமைந்தபின், நம் காரீயத்தைக் கட்டியாக விற்காது கிறபீனாக்கி விற்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நியாயமான நம்பிக்கைதான். 2022 இல் வெள்ளவத்தை வீதிகளில் எரிவாயு உருளைகளோடு நின்ற மக்களுக்கு எரிபொருளின் அருமை தெரியும். அதனாலேயே, புதிய அறிவிப்பொன்று வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: எந்த வெப்பநிலையில்? எந்த அமுக்கத்தில்? வேறு எவர் செய்து பார்த்தார்?