எபோலா வந்த வழி: மரபணுத்தொகை தந்த சான்று

1. ஆய்வுப் பொருள்

கொள்ளைநோய் தலைகாட்டியதும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: கிருமி காட்டிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறதா, ஒருமுறை வந்து மனிதருக்குள்ளேயே பரவுகிறதா? முன்னதென்றால் காட்டு விலங்குகளின் தொடர்பைத் தடுக்க வேண்டும். பின்னதென்றால் நோயாளியோடு பழகியவர்களைத் தேட வேண்டும், அடக்கச் சடங்குகளில் காப்பு வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது இக்கேள்விக்கு வைரஸின் மரபணுத்தொகையே விடை தந்தது.

2. முறை

எபோலாவின் மரபணுத்தொகை ஏறத்தாழ 19,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அது படியெடுக்கப்படும்போது பிழைகள் விழுகின்றன. நிலைத்த பிழை அடுத்த நோயாளிக்கும் போகிறது. அந்தப் பிழைகளை ஒப்பிட்டால் எந்த வைரஸ் எதிலிருந்து கிளைத்ததென்று காணலாம். பாடபேதங்களை ஒப்பிட்டு எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டதெனப் பதிப்பாசிரியர் காண்பதும் இப்படித்தான். ஆனால் இரு நோயாளிகளிடம் ஒரே எழுத்து வரிசை இருந்தால், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை வரிசை மட்டும் சொல்லாது; ஊருக்குள் போய் விசாரிக்கத்தான் வேண்டும்.

3. கெனிமா, 2014

சியரா லியோனின் கெனிமா அரசு மருத்துவமனை லாசா என்னும் வேறொரு வைரஸ் காய்ச்சலுக்குச் சிகிச்சை தந்து பழகிய இடம். எபோலா நுழைந்த முதல் வாரங்களில் அங்கே எடுத்த மாதிரிகள் அமெரிக்காவில் வரிசைப்படுத்தப்பட்டன: 78 நோயாளிகள், 99 மரபணுத்தொகைகள். எல்லாம் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. காட்டிலிருந்து மறுபடி வந்ததற்குச் சான்றில்லை. ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட இரு கிளைகள் அண்டை நாடான கினியிலிருந்து எல்லை தாண்டியிருந்தன. நாட்டு வைத்தியர் ஒருவரின் இறுதிச்சடங்கில் கலந்துகொண்டவர்களிடம் இரண்டுமே தென்பட்டன. ஆய்வாளர்கள் கட்டுரை வெளிவரும்வரை காத்திராமல் வரிசைகளைப் பொதுத் தரவகத்தில் இட்டார்கள். அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கட்டுரை ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதற்குள் அதன் ஆசிரியர்களில் ஐவர் எபோலாவுக்கே பலியாகியிருந்தனர். கெனிமாவின் லாசா பிரிவுத் தலைமை மருத்துவர் ஷேக் ஹுமர் கான் அவர்களில் ஒருவர். ஜூலை 29 அன்று இறந்தார். அந்த வரிசைகளை வெறும் தரவென்று படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

4. கினி, 2021

2015இல் மரபணு வரிசை அறியும் கையடக்கக் கருவி ஒன்று பயணப் பெட்டியில் கினிக்குப் போனது. அதன்பின் ஒரே நாளில் வரிசை அறிய முடிந்தது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டில் எபோலா மீண்டும் தோன்றியபோது, காட்டிலிருந்து புதிதாக வந்ததென்பதே இயல்பான ஊகம். மரபணுத்தொகை அதை மறுத்தது. அது முந்தைய பரவலின் வைரஸே; இத்தனை ஆண்டுகள் ஆள்மாறிப் பரவியிருந்தால் சேர்ந்திருக்க வேண்டிய பிழைகளும் அதில் இல்லை. பிழைத்தெழுந்த ஒருவர் உடலில் அது ஐந்தாண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்திருக்க வேண்டும்.

இங்கே கேள்வி மருத்துவத்தைத் தாண்டிவிடுகிறது. பிழைத்தவர்கள் ஏற்கெனவே ஊரின் அச்சத்தைச் சுமந்தவர்கள். அவர்களுக்கு நீண்டகாலக் கண்காணிப்போடு சிகிச்சையும் தேவை. அவர்கள் பெயரும் முகவரியும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது.